பதினாலாம் நம்பர் மழை

தம்பி: ...அதனாலதான் சொல்றேன் அக்கா. இந்த மலைத்தொடர்ல எனக்குத் தெரியாம ஒரு சொட்டு மழைகூடத் தரையில விழ முடியாது.

அக்கா: துண்டு இந்தா. தலையைத் துவட்டு.

தம்பி: அறுபத்தொரு மழைமானி. அறுபத்தொண்ணோட கணக்கும் என் மேஜைக்குத்தான் வருது. மேகத்துக்கு மேலதிகாரின்னு ஒருத்தர் இருந்தா...

அக்கா: சட்டையைக் கழட்டு. தரையெல்லாம் சொட்டுது.

தம்பி: இப்போ சொட்டுறது மழை இல்லை.

அக்கா: பின்னே?

தம்பி: மூடுபனி. மழைன்னா மேலேர்ந்து கீழே விழணும். இது பக்கவாட்டுல வந்து ஒட்டிக்குது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வர்றதுக்குள்ள இப்படி. இதுக்கு எங்க ரிஜிஸ்டர்ல கட்டமே கிடையாது.

அக்கா: பிழிஞ்சா அரை டம்ளர் வரும்போல இருக்கே.

தம்பி: சட்டையில வர்றது கணக்குல சேராது.

மாமா: மச்சான், அடுப்படியிலேர்ந்து கேக்குறேன். டீ கணக்குல சேருமா, சேராதா?

தம்பி: சேரும் மாமா. ரெண்டு சர்க்கரை.

மாமா: எட்டு வருஷம் கழிச்சு அக்கா வீட்டுக்கு வந்திருக்கீங்க. மூணாவே போடுறேன்.

தம்பி: எட்டா ஆச்சு?

அக்கா: கடைசியா வந்தப்போ உனக்கு மீசைன்னு ஒண்ணு வரப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருக்கு போல.

தம்பி: நல்லது கெட்டதுக்கு நீங்கதான் கீழே வந்துடுறீங்களே. அப்புறம் இந்த வேலை கிடைச்சுது. மூணு வருஷமா நிமிரவே நேரம் இல்லை.

அக்கா: சரி, இப்போ எதுக்கு வந்தே?

தம்பி: அக்காவைப் பார்க்க.

அக்கா: கையில ஃபைலோட?

தம்பி: மழைக்குத் தலைமேல வச்சுக்கலாம்னு.

அக்கா: மழை இல்லைன்னியே.

தம்பி: ...முதல்ல புவியியலைச் சொல்லிடுறேன். அப்புறம் விஷயத்துக்கு வர்றேன்.

மாமா: அப்போ விஷயம் பெரிசு. டீயைக் குடிச்சுட்டுச் சொல்லுங்க.

தம்பி: காத்து கடல்லேர்ந்து கிளம்புது. ரெண்டு கையிலயும் பை. பை நிறையத் தண்ணி. எதிர்ல மலை. ஏற ஏறக் குளிருது, பாரத்தோட ஏற முடியலை. அந்தப் பக்கச் சரிவுலேயே எல்லாத்தையும் இறக்கிடுது. முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வர்றப்போ வெறும் பையை ஆட்டிக்கிட்டு வருது.

மாமா: உங்க பெரியப்பா விருந்துக்கு வர்ற மாதிரி.

அக்கா: எங்க பெரியப்பாவை விடுங்க.

தம்பி: அதனால இது மழை மறைவுப் பக்கம். கீழே இருக்கிற நகரம் அதுக்கும் மேல மறைவு. தோண்டினாலும் வராது. அடியில ஒரே பாறை, தண்ணி தங்க இண்டு இடுக்கு கிடையாது. மொத்த நகரமும் குடிக்கிறது இந்த மலையிலேர்ந்து இறங்குற ஒரு ஓடையை நம்பித்தான். அதுல எப்போ எவ்வளவு வரும்னு முன்கூட்டியே சொல்லத்தான் மழைமானி. புரியுதா?

அக்கா: பதினோரு வருஷமா தினமும் காலையில எட்டரைக்கு அந்த மானியில இருக்கிறதை அளந்து எழுதுறவகிட்ட இதைச் சொல்றே.

தம்பி: வரிசையா சொன்னாத்தான் எனக்கு வரும்.

அக்கா: வரிசை முடிஞ்சுதா?

தம்பி: முடிஞ்சுது. பதினாலாம் நம்பரை மூடப் போறாங்க.

அக்கா: பதினாலு நான்தானே?

தம்பி: ஆமாம்.

மாமா: நான் போய் பாலை இறக்கிட்டு வந்துடுறேன்.

அக்கா: பால் அடுப்புலயே இல்லை. உட்காருங்க. ஏன்டா மூடுறாங்க?

தம்பி: மழை அதிகம்.

அக்கா: மழை அதிகம்னா மூடுவாங்களா?

தம்பி: பெய்யாத மழை அதிகம். வெயில் மாசத்துல உன்னைச் சுத்தி இருக்கிற பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு... எல்லாம் சைபர். நீ மட்டும் ரெண்டு புள்ளி மூணு, ஒண்ணு புள்ளி எட்டு, மூணு புள்ளி ஒண்ணுன்னு எழுதிக்கிட்டே இருக்கே. வானத்துலேர்ந்து எடுத்த படத்துல மழை மேகம் ஒரு துண்டுகூட இல்லை. முன்னாடி இப்படி இல்லை. ஒரு நாலு வருஷமாத்தான்.

அக்கா: அதுவரைக்கும் யோக்கியமா இருந்தேனாக்கும்.

தம்பி: பதினாலுல யாரோ வீட்டுல உட்கார்ந்து எழுதுறாங்கன்னு மேலதிகாரி முடிவே பண்ணிட்டார். நான்தான், நேர்ல பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிறேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலையில அவர் மேஜையில இருக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை மானியைக் கழட்ட ஆள் வரும்.

அக்கா: மானியோட வேலையும் போகும். வேலையோட இந்த வீடும்.

தம்பி: அதோட... பொய்க்கணக்கு எழுதினவங்கன்னு ஒரு பேரும் வரும்.

அக்கா: ம்.

தம்பி: நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும். மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு கேள்வி.

மாமா: மானியை நான் தொட்டதே இல்லை மச்சான். ஒரே ஒரு தடவை இவளுக்குக் காய்ச்சல்...

அக்கா: காய்ச்சலோட நான்தான் போய் அளந்தேன். இவர் குடை பிடிச்சார்.

மாமா: குடையைத்தான் தொட்டேன்.

தம்பி: ஏன் கேட்டேன்னா, படுத்துக்கிட்டு எழுதின எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுடும். தலையணை எண்ணுன்னு பேர் வச்சிருக்கேன். பொய் எழுதுறவனுக்கு அஞ்சு பிடிக்கும், சைபர் பிடிக்கும், ஏழுன்னா பயம். முப்பத்தேழாம் நம்பர்ல ஒருத்தர் மூணு மாசம் வெறும் ரெண்டரை, அஞ்சு, ஏழரைன்னே எழுதினார். நேர்ல போய்ப் பார்த்தேன். மானிக்குள்ள குருவி குடும்பம் நடத்துது.

மாமா: அப்புறம்?

தம்பி: அந்த வேலையைக் குருவிக்கே கொடுக்கலாம்னு எழுதினேன். அதுவாவது தினமும் வருது.

அக்கா: என் எண்ணு எப்படி?

தம்பி: அதுதான் சிக்கல். தலையணை வாசனையே இல்லை. ஏழு, மூணு, ஒன்பது எல்லாம் அது பாட்டுக்கு வருது. பொய்யா இருந்தா, பிரமாதமான பொய்.

அக்கா: மணி எட்டு இருபத்தஞ்சு. பின்பக்கம் வா. வந்து பார்த்துட்டுப் பாராட்டு.

மாமா: செருப்பைப் போட்டுக்குங்க மச்சான், வழுக்கும்.

தம்பி: இந்தப் பனியில ஒண்ணும் தெரியலையே... மானி எங்கே?

அக்கா: எதிர்லதான்.

தம்பி: எதிர்ல மரம்தானே இருக்கு.

அக்கா: அதுக்கு அடியில.

மாமா: மச்சான் ரொம்ப நேரமா வாயைத் திறந்து வச்சிருக்கார். வாய்க்குள்ளே போற பனிக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இருக்கா, இல்லையா?

தம்பி: அக்கா. மழைமானியை மரத்தடியில வைக்கிறது... குடைக்குள்ள உட்கார்ந்து மழையை அளக்கிற மாதிரி. எந்த முட்டாள் இங்க வச்சான்?

அக்கா: மானி வச்ச இடத்துலதான் இருக்கு. மரம்தான் நடுவுல வந்துச்சு.

தம்பி: மரம் எங்கேர்ந்து வரும்?

அக்கா: முதல்ல அளக்க விடு. எட்டரை ஆச்சு... இந்தக் கண்ணாடிக் குழாய்ல நீயே பாரு. எத்தனை?

தம்பி: ரெண்டு புள்ளி ஏழு.

அக்கா: நல்லாப் பாரு. ஏழுன்னா பயம்னியே.

தம்பி: ரெண்டு புள்ளி ஏழுதான்... இரு, இரு. தண்ணியை எங்கே கொட்டுறே?

அக்கா: அளந்தாச்சு, எழுதியாச்சு. கொட்டணும்ல?

தம்பி: எப்பவும் அதே இடத்துலதானா?

அக்கா: நாலு எட்டு தள்ளிப் போய்க் கொட்டினா பதவி உயர்வு தருவாங்களா? நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இங்க விரல் உயரத்துக்கு என்னவோ முளைச்சிருந்துச்சு. வீணாப் போற தண்ணிதானேன்னு அது மேல ஊத்தினேன்.

தம்பி: பதினோரு வருஷம்?

அக்கா: ஒரு நாள் விட்டதில்லை. போன தடவை நீ வந்தப்போ இது உன் இடுப்பு உயரம். ஈரச் சட்டையை இதுமேலதான் காயப் போட்டே.

தம்பி: பெய்ஞ்ச மழையை அளந்து, எழுதி, அதையே ஊத்தி, மானிக்கு மேலயே ஒரு மரத்தை வளர்த்து வச்சிருக்கே. அக்கா, ஒவ்வொரு நாளும் என்ன குடிச்சுதுன்னு ஆபீஸ்ல பதிவாகியிருக்கிற ஒரே மரம் இதுதான்.

மாமா: எனக்குக்கூட அந்தப் பதிவு கிடையாது.

தம்பி: ஆனா ஒண்ணு புரியலை. மரத்தடின்னா மழை குறையணும். இலையே பாதியைத் தடுத்துடும். இங்க கூடியில்ல இருக்கு? மழையே இல்லாத நாள்ல ரெண்டு புள்ளி... ஐயோ!

அக்கா: என்னடா?

தம்பி: கழுத்துல சில்லுன்னு சொட்டுது.

மாமா: இங்கே எந்நேரமும் சொட்டும். இந்தத் திட்டுல நின்னு நான் டீ குடிக்கிறதே இல்லை. குடிக்கக் குடிக்கக் கூடுது.

தம்பி: மாமா, அங்கே திறந்த வெளியில ஒரு அண்டா கிடக்கே. எப்போ போட்டீங்க?

மாமா: நேத்து சாயங்காலம். கழுவிக் கவிழ்க்க மறந்துட்டேன். உங்க அக்காகிட்ட சொல்லாதீங்க.

அக்கா: அக்கா இங்கதான் நிக்கிறேன்.

தம்பி: உள்ளே தண்ணி நிக்குதா பாருங்க.

மாமா: ஈரமா இருக்கு. ஆனா வழிச்சாக்கூட ஒரு சொட்டு வராது.

தம்பி: அண்டாவுல சைபர். பத்து அடி தள்ளி, மரத்துக்கு அடியில ரெண்டு புள்ளி ஏழு. இது மேலேர்ந்து விழலை. காத்து பனியைத் தள்ளிக்கிட்டு வருது, இலை ஒவ்வொண்ணும் அதைப் பிடிச்சு வச்சுக்குது, சேர்ந்ததும் சொட்டுது.

மாமா: உங்க சட்டை மாதிரி.

தம்பி: ...என் சட்டை மாதிரி.

அக்கா: சட்டை கணக்குல சேராதுன்னியே.

தம்பி: இரு அக்கா, யோசிக்க விடு. மேல முகடு வரைக்கும் என்ன இருக்கு?

அக்கா: காடுதான். வேற என்ன?

தம்பி: வெயில் மாசத்துல மழையே இல்லாம அந்த ஓடை எப்படி ஓடுதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு கேள்வி உண்டு. பாறைக் கசிவுன்னு எழுதி வச்சிருக்கோம்.

அக்கா: யார் போய்ப் பார்த்தது?

தம்பி: யாரும் பார்க்கலை. முந்தின வருஷம் அப்படி எழுதியிருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும்... ஒரு மரத்தடியில ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னா, முகடு முழுக்க எவ்வளவு சொட்டும்? காத்து கொண்டு வர்றது வெறும் பை இல்லை அக்கா. பையே நனைஞ்சிருக்கு. பிழிய ஆள் இருந்தாத் தண்ணி.

அக்கா: அப்போ என் எண்ணு பொய் இல்லை.

தம்பி: பொய் இல்லை. மழையும் இல்லை. ஆனா தண்ணி.

அக்கா: அதை அப்படியே எழுது. இட்லி வேகுற நேரம்கூட ஆகாது.

தம்பி: எழுத முடியாது.

அக்கா: ஏன்?

தம்பி: ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. மானியைச் சுத்திப் பத்து மீட்டருக்குள்ள மரம் உண்டா, இல்லையா. வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர் நேர்ல வந்து பார்த்து எழுதணும். போன வருஷம் இல்லைன்னு இருக்கு. அதுக்கு முந்தின வருஷமும் இல்லை. அதுக்கு முந்தினதும் இல்லை. இப்போ திடீர்னு உண்டுன்னு நான் எழுதினா, ஒரே வருஷத்துல ஏழு மீட்டர் வளர்ந்த மரத்தைப் பார்க்க வேற துறையிலேர்ந்து ஜீப் போட்டுக்கிட்டு வருவாங்க.

அக்கா: அந்த ஃபாரத்தோட நகல் எனக்கும் தபால்ல வரும். மரம் இல்லைன்னு ஆபீஸே முத்திரை வச்சுச் சொல்றப்போ, இருக்குன்னு நான் எப்படி எழுதுறது?

மாமா: இல்லைன்னு எழுதின மகராசன் யாரு?

தம்பி: யாரோ ஒரு ஆய்வாளர். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலேயே எழுதியிருக்கான். கையெழுத்தும் ஒண்ணும் புரியலை.

அக்கா: ஓ.

தம்பி: இந்த மாதிரி ஆளுங்களாலதான் அக்கா...

அக்கா: சரி, விடு.

மாமா: மச்சான், எனக்கு ஒரு யோசனை. ஃபாரத்துல மரம் இல்லை. இங்க இருக்கு. வீட்டுல ரம்பமும் இருக்கு.

அக்கா: அவன் முகத்தைப் பாருங்க. அதையேதான் யோசிக்கிறான்.

தம்பி: யோசிச்சேன்தான். மரம் போச்சுன்னா ஃபாரம் சரியாயிடும். நாளையிலேர்ந்து உன் மானியிலயும் சைபர் வரும். மத்த மானியோட ஒத்துப்போகும். "கண்டிச்சேன், திருந்திட்டாங்க"ன்னு நான் எழுதிடலாம். வேலைக்குக் கெஞ்சிப் பார்க்கலாம்.

அக்கா: திருந்திட்டாங்களா?

தம்பி: வார்த்தைக்குச் சொன்னேன்.

அக்கா: மரம் இல்லைன்னா நாலு வருஷமா நான் எழுதினது எங்கேர்ந்து வந்துச்சு? கற்பனையிலேர்ந்தா? காய்ச்சல்ல எந்திரிச்சுப் போய் அளந்திருக்கேன்டா. கேட்டுக்கோ. ஃபாரமா, என் ரிஜிஸ்டரா, ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். எதுன்னு நீ எழுது. ரம்பத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

மாமா: நான் குடையோட நிறுத்திக்கிறேன்.

அக்கா: அந்த ஆய்வாளர் வராமலேயே எழுதினார்னு ஒரு வரி போட்டா என்ன?

தம்பி: அது அவனாச் சொன்னாத்தான் நிக்கும். எவன் சொல்வான்? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார். தான் பண்ணின தப்பைத் தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, தானே கொண்டு போய் மேலதிகாரி முன்னாடி வச்சார். கல்யாணப் பத்திரிகைன்னு நினைச்சு நாங்க கை கொடுத்தோம்.

மாமா: இப்போ எங்கே இருக்கார்?

தம்பி: ஓடையோட கடைசியில ஒரு நீரேற்று நிலையம். தண்ணி மட்டத்தைப் பார்த்து எழுதணும். பஸ் போகாது. காய்கறி வாரத்துக்கு ஒரு தடவை. நல்லவர்னு எல்லாரும் சொல்லுவோம். வேற என்ன சொல்றதுன்னு தெரியாதப்போ சொல்ற வார்த்தை அது.

அக்கா: சரி. உன் பஸ் ரெண்டு மணிக்கு. உள்ளே மேஜை இருக்கு, பேனா இருக்கு. நான் சமையலைப் பார்க்குறேன்.

தம்பி: ...அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: டேப் இருக்கா? அளக்குற டேப்.

அக்கா: எதுக்கு?

தம்பி: மரத்துக்கும் மானிக்கும் நடுவுல எவ்வளவுன்னு எழுதணும்ல. குத்துமதிப்பா எழுதக் கூடாது.

மாமா: நான் பிடிக்கிறேன். இந்த முனையை விடுங்க... முக்கால் மீட்டர்.

தம்பி: உயரத்துக்கு நிழலை அளந்தாப் போதும்.

மாமா: இந்தப் பனியில நிழலுக்கு எங்கே போக?

தம்பி: அப்போ துணி காயப்போடுற கம்பை மரத்தோட சேர்த்து நிறுத்துங்க... ரெண்டு கம்பு... ரெண்டரை. ஏழு மீட்டர். அண்டா இருக்கிற இடத்துக்கு எத்தனை அடின்னும் பார்த்துடலாம்.

அக்கா: சாப்பாடு ஆறுது!

மாமா: உன் தம்பி வேலை பார்க்குறாரு! நம்ப மாட்டே!

அக்கா: சாப்பிட்டாச்சு, மணியும் ஒண்ணரை ஆச்சு. எழுதி முடிச்சியா?

தம்பி: எழுதிட்டேன் அக்கா. ஃபைல்ல வச்சுட்டேன். கிளம்புறேன்.

அக்கா: படிச்சுக் காட்டிட்டுப் போ.

தம்பி: "பதினாலாம் நிலையம். நேரில் சென்று பார்த்தது. மழைமானிக்கு முக்கால் மீட்டர் தூரத்தில் மரம் உண்டு. உயரம் ஏழு மீட்டர். பதிவேட்டில் உள்ள எண்கள் அனைத்தும் உண்மையாக அளந்து எழுதப்பட்டவை. வெயில் மாதங்களில் பதிவானது, இலைகளில் படிந்து சொட்டிய மூடுபனி. ஓடையின் வெயில் கால நீருக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும். மரத்தை வெட்ட வேண்டாம். திறந்த வெளியில் இரண்டாவது மானி ஒன்று வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் பணியை இதே அளவையாளரிடம்..."

அக்கா: அளவையாளர்னா?

தம்பி: நீதான்.

மாமா: ரெண்டு மானின்னா நடுவுல ஓட வேண்டியிருக்கும். குடையைப் பெரிசா வாங்கணும்.

அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான்.

அக்கா: பின்பக்கத்துல மை தெரியுதே.

தம்பி: அது... ஆபீஸ் விஷயம்.

அக்கா: கொடு.

தம்பி: அக்கா, பஸ் போயிடும்.

அக்கா: கொடுடா. "முந்தைய மூன்று ஆண்டுகளின் படிவங்கள் நிலையத்துக்கு வராமலேயே நிரப்பப்பட்டவை. தவறு அளவையாளருடையது அல்ல. நிரப்பியவர்..." உன் பேரு. கீழே கையெழுத்தும் போட்டிருக்கே.

மாமா: மச்சான், நீரேற்று நிலையத்துக்கு ரெண்டு போர்வை கட்டித் தரட்டுமா?

தம்பி: மத்த அறுபதுக்கும் நேர்ல போனேன் அக்கா. சத்தியமா. இது மட்டும், அக்காதானே, அக்கா வச்சா சரியாத்தான் இருக்கும்னு... உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?

அக்கா: முதல் நகல் வந்த அன்னைக்கே தெரியும். எட்டாவதுல மார்க் ஷீட்ல அப்பா கையெழுத்தை நீயே போட்டியே, அதே வால்.

தம்பி: மூணு வருஷமாத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பேனே!

அக்கா: வருஷத்துக்கு ஒரு தடவை தம்பி இங்க வந்துட்டுப் போனான்னு ஆபீஸே முத்திரை வச்சு எழுதி அனுப்புது. அதைப் போய்ப் பொய்யின்னு நான் எதுக்குடா சொல்லணும்?